நல்ல நேரத்தில் போட்ட ரவுட்டர்

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். சிலர் பீங்கானை உடைப்பார்கள். நான் "சரி சேர்" என்பேன். உள்ளுக்குள் மட்டும் எதிராளியைப் பல்லேகல மைதானத்தின் நடுவில் நிறுத்தி, வேகப்பந்து வீச்சாளர்கள் அத்தனை பேரையும் அவன் மேல் ஏவிவிடுவேன். (நாற்பது தாண்டியும் நம் வீரம் இவ்வளவுதான்.)

இந்தக் கதை நடந்த ஆடைத் தொழிற்சாலையும் பல்லேகலயில்தான். நான் தனியாளாகத் தொடங்கிய கம்பெனிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரும் பழைய கம்ப்யூட்டர் லைனைப் புதிய ரவுட்டரோடு இணைக்க வேண்டும். பகலுக்குள் முடித்தால் வருடம் முழுவதும் பராமரிப்பு வேலையும் எனக்கே. வாசலில் அன்றைய கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய கொண்டெயினர் லொறி ஒன்று வேறு காத்து நின்றது. அதற்கான கேட் பாஸ் அந்த லைன் வழியாக வந்துதான் அச்சாக வேண்டும்.

வேலை என்னவோ சின்னது. ரவுட்டரின் முதுகிலுள்ள பொந்தில் சீரியல் கார்ட் என்ற உள்ளங்கையளவு தகட்டைச் செருகி, அதிலிருந்து தடித்த கேபிளொன்றை மோடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, கார்ட் ஏறும்போது ரவுட்டரில் மின்சாரம் இருக்கக் கூடாது.

நான் போனபோது ரவுட்டர் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பால்சோறு. மெனேஜர் ராஜரத்தினம் நல்ல நேரம் பார்த்து, எனக்காகக் காத்திராமல், தானே சுவிட்சைப் போட்டிருந்தார்.

"கார்ட் ஏத்தணும் சேர். ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு..."

"என்னங்க பேசுறீங்க? நல்ல நேரத்துல போட்டத நிப்பாட்டவா? பொழுதுபடுற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

"நிப்பாட்டாம ஏத்துனா அது செத்துப்போயிரும் சேர்."

"காலங்காத்தால சாவப் பத்திப் பேசாதீங்க! பால்சோறு சாப்புடுங்க."

"சரி சேர்."

பால்சோற்றில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களிலெல்லாம் எனக்கு நட்டம்தான்.) நான் நிறுத்தினால்தானே குற்றம்? கரண்ட் தானாகவே போய்விட்டால்?

மெனேஜர் கை கழுவப் போன நேரம் பார்த்து, நடையிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினேன்.

தையல் மெஷின்களின் இரைச்சல் சட்டென்று நின்றது. மெஷினில் இருந்த பெண் பிள்ளைகள் "ஹோ" என்று கூச்சலிட்டார்கள். ரவுட்டர் இருந்த ஜன்னலில்லாத அறைக்குள் பாய்ந்து கார்டைச் செருகினேன். நன்றாக உட்கார்ந்தது. கேபிள்தான் முரண்டு பிடித்தது. இருட்டில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றே தெரியவில்லை. அதற்குள் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. அது தானாகவே ஸ்டார்ட் ஆகும் என்று ஒருத்தனாவது எனக்குச் சொன்னானா? மெனேஜரின் சப்பாத்துச் சத்தமும் நெருங்கியது. அவரையே அந்தப் பொந்துக்குள் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, இருந்த கோபம் முழுவதையும் சேர்த்துக் கேபிளை அழுத்தினேன்.

'நறுக்.' உள்ளே போனது. தலைகீழாக.

வெளிச்சம் வந்தது. ரவுட்டர் விழித்தது, லைன் விழிக்கவில்லை. இழுத்துப் பார்த்தால், கேபிள் முனையின் ஊசிகளெல்லாம் மிதிபட்ட புல் மாதிரி சாய்ந்து கிடந்தன. வேறு கேபிள் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும்.

"பாத்தீங்களா சேர், கரண்ட் போய் எல்லாத்தையும் கெடுத்துருச்சு," என்றேன். மெனேஜரும் மின்சாரக்காரர்களைத் திட்டத் தொடங்கினார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டபோது, கதவடியில் லொறிச் சாரதி நஸீர் நானா. கேட் பாஸுக்குக் காத்துக் காத்துக் கடுப்பாகி, நடைக்கே வந்து நின்றிருந்த மனிதர்.

"கரண்டெல்லாம் போகல்ல சேர். இவர்தான் மெயினப் புடிச்சு இழுத்த. நான் ரெண்டு கண்ணாலயும் கண்ட."

லொறி அன்று நகரவில்லை. கப்பல் அதை விட்டுவிட்டுப் போனது. பராமரிப்பு வேலை வேறொருவருக்குப் போனது. மெனேஜர் கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்: "நிப்பாட்டுனதக்கூட மன்னிச்சிருவேங்க. ராகு காலத்துல நிப்பாட்டியிருக்கீங்களே!"

வீட்டில் மனைவியிடம் எவ்வளவு நேரம் ஒளிக்க முடியும்? இப்போதும் எங்கள் ஊரான குண்டசாலையில் கரண்ட் போனால், எல்லோரும் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வரும்:

"ஏங்க, எங்க நிக்கிறீங்க? ரெண்டு கையயும் மேல தூக்கிட்டு வெளிய வாங்க!"