பின்பாட்டும் ஒரு தையல் மெஷினும்

தன்னிடம் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத மனிதர்கள் நிறைந்த உலகம் இது. அடுத்தவனிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஒரு ஆயுளை ஓட்டியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ஆபீஸில் அவரைப் 'பின்பாட்டு' என்போம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே அது இப்போது நினைவில்லை.

இப்போது டிவியில் கேள்வி கேட்கிறார்கள். பதில் தெரியாதவர் சிரித்துக்கொண்டே "ஆடியன்ஸைக் கேட்கிறேன்" என்கிறார். கூட்டம் பட்டனை அழுத்துகிறது, பணம் கொட்டுகிறது, வீட்டிலிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அலுப்பாக இருக்கும். ஐயா, அறுபதுகளின் தொடக்கத்திலேயே, பெங்களூரில், பட்டன் கிட்டன் எதுவும் இல்லாமல், இந்த ஆடியன்ஸ் உதவியை இடது காதில் நாள் பூராவும் வாங்கியவன் நான்.

கன்டோன்மென்ட் பக்கம் தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனி. பின்பாட்டு அங்கே தபால் கிளார்க். ஒல்லியான மனிதர், கழுத்து மட்டும் பேச்சு நடக்கும் திசைக்கு முந்திக்கொண்டு நீளும். மேனேஜர் போனில், "ஸ்டாக்கா? அது வந்து..." என்று ஒரு நொடி இழுத்தால் போதும், "தீர்ந்துபோச்சு சார்!" என்று இங்கிருந்து ஒரு குரல் போகும். குடோனில் பம்புகள் கூரையை முட்டிக்கொண்டிருக்கும்.

அதுதான் விஷயம். சொல்வது அத்தனையும் தப்பு. கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை, தெற்கு என்றால் வடக்கு. மல்லேஸ்வரம் போக வேண்டிய ஒரு கிழவியம்மாவை, "இதாம்மா உங்க ஸ்டாப், எறங்குங்க எறங்குங்க" என்று அல்சூரில் இறக்கிவிட்டார். டாக்டர் என்னிடம், "வலி எந்தப் பக்கம்?" என்று கேட்டபோது, துணைக்கு வந்த அவர், "வலது பக்கம் டாக்டர்" என்றார். நான் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் புரோகிதர் கோத்திரம் கேட்டார். பின்னாலிருந்து பதில் வந்த வேகத்தில் புரோகிதர் வேறு ஏதோ கோத்திரத்தைச் சொல்லி மந்திரத்தையே ஆரம்பித்துவிட்டார். அதைத் திரும்ப வாங்குவதற்குள் முகூர்த்தம் முடியப் பார்த்தது.

கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. யாராவது பதில் தெரியாமல் திணறினால் அவரால் தாங்க முடியாது. தண்ணீரில் தத்தளிப்பவனைப் பார்த்ததும் குதித்துவிடுகிறவர். நீச்சல் தெரியாது என்பதுதான் ஒரே குறை. 'நீங்கள் சொல்வதெல்லாம் தப்பு' என்று சொல்லிவிட எத்தனையோ முறை வாய் வரை வந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தால் வராது. சலித்துப்போய் விட்டுவிடுவேன்.

எங்கள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா, பிரேசர் டவுன் பெண். அவள் தங்கை வாடகைக்கு ஒரு தையல் மெஷின் எடுத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்குச் சொந்தக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒரு பல்பொடி கம்பெனி, விளம்பரத்துக்காக 'இதுவா அதுவா' என்று ஒரு மேடைப் போட்டியை ஊர் ஊராக நடத்திக்கொண்டு பிரேசர் டவுனுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில், அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் தையல் மெஷின். ஒன்று தப்பினாலும் ஒரு டப்பா பல்பொடி. அதுவரை எல்லா ஊரிலும் பல்பொடிதான் போயிருந்தது.

ஸ்டெல்லா பெயர் கொடுத்தாள். ஆபீஸே திரண்டு போனோம். பின்பாட்டு முதல் வரிசையில் இடம் பிடித்து எனக்கும் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார்.

கம்பெனியின் ஏஜெண்ட்தான் கேள்வி கேட்டார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை. "திமிங்கலம் முட்டை போடுமா, குட்டி போடுமா?"

என் பக்கத்தில் ஒரு 'உஸ்' கிளம்பியது. ரகசியம் பேசுவதாக நினைத்து அவர் எழுப்பும் சத்தம் அது. பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. நாள் பூராவும் கேட்டுப் பழகிய எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும் புரியும். "முட்டை, முட்டை."

"குட்டி" என்றாள் ஸ்டெல்லா.

"நைல் நதி ஆப்பிரிக்காவிலா, அமெரிக்காவிலா?"

"அமெரிக்கா" என்று உஸ். "ஆப்பிரிக்கா" என்றாள்.

இப்படியே போயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முதல் வரிசையை ஒரு கணம் பார்ப்பாள், பிறகு டக்கென்று பதில். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு என்று அவள் சொன்னபோது கூட்டம் "ச்சே" என்றது. ஏஜெண்ட் முகம் வெளுத்தது. அதுதான் சரி. கடைசிக் கேள்விக்கும் சரியான பதில் வந்ததும் ஹால் அதிர்ந்தது. பின்பாட்டு எழுந்து நின்று கைதட்டினார். தன்னால்தான் என்ற பூரிப்பு.

ஏஜெண்ட் கையைத் தூக்கினார். "மெஷின் குடுக்க முடியாது! முன்வரிசையில இருந்து பதில் சொல்லிக் குடுத்திருக்காங்க. நானே பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஆள் வாய் அசைஞ்சுது, இந்தப் பொண்ணு அவரைப் பார்த்துச்சு!"

மறுநாளே ஆபீஸுக்கு வந்து மேனேஜரிடமும் முறையிட்டார். மேனேஜர் கன்னடக்காரர், நேர்மை என்றால் உயிர். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "நோடம்மா, ஃப்ராடுன்னு ஆச்சுன்னா கம்பெனி பேரு கெட்டுடும். அப்புறம் இங்க உனக்கு வேலை கிடையாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் விசாரணை என்று முடிவாயிற்று.

டீ நேரத்தில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லும்மா. எல்லாப் பதிலும் உனக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும் சார்."

"மீதி?"

அவள் தபால் மேஜைப் பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது. "அவர் சொன்னதைக் கேட்டேன். கேட்டுட்டு, மத்ததைச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அயர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். "சொல்லிக் கொடுத்தது அத்தனையும் தப்புன்னு ஏஜெண்ட்கிட்ட சொல்லிடேன். தப்பிச்சுக்கலாமே!"

"அவருக்கும் தெரிஞ்சுடுமே சார். உசுரே போயிடும் அவருக்கு. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்ட்டே வழியைக் காட்டினார். "அந்த ஆளை மேடைக்கு ஏத்துங்க. புதுக் கேள்வி கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு சரியாச் சொன்னாலும் போதும், விஷயம் தெரிஞ்சவர்தான் சொல்லிக் குடுத்திருக்கார்னு அர்த்தம்." இது என்ன நியாயம் என்று நான் எழுந்தேன். மேனேஜர் உட்காரச் சொன்னார்.

பின்பாட்டு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடமே கேள்வி கேட்கப்போகிறார்!

"வௌவால் பறவையா, மிருகமா?"

"பறவை!" என்றார் கம்பீரமாக. கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு.

"சூரியன் நட்சத்திரமா, கிரகமா?"

"கிரகம். இதுகூடவா தெரியாது?"

சிரிப்பு பெரிதாயிற்று. மூன்றாவது, நான்காவது கேள்விகளும் அப்படியே. ஒவ்வொரு தப்புக்கும் ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் முதலில் தானும் சிரித்தார். பிறகு சிரிப்பு எதற்கென்று கூட்டத்தைத் துழாவிப் பார்த்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு கர்சீப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் பார்வை அங்கே போய் நின்றது. கழுத்து மெல்லச் சுருங்கியது.

ஏஜெண்ட் சலித்துப்போய்க் கடைசியாக ஒன்றைக் கேட்டார். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கேள்வியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். "அத்திபெலே ஓசூர் ரோட்டில் இருக்கா, தும்கூர் ரோட்டில் இருக்கா?"

மனிதர் பிறந்ததே அத்திபெலேயில். பெண்டாட்டி பிள்ளைகள் இன்னும் அங்கேதான். சனிக்கிழமை தவறாமல் ஓசூர் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகிறவர், இந்த வாரம் மட்டும் விசாரணைக்காகத் தங்கியிருந்தார்.

பின்பாட்டு வாயைத் திறந்தார். மூடினார். அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தது அன்றுதான்.

"தும்கூர் ரோடு" என்றார்.

ஹால் இடிந்துவிழும் போல ஒரு சிரிப்பு. ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஆள் சொல்லிக் குடுத்து எவனும் ஜெயிக்க முடியாது சாமி. மெஷினை எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், மேடையிலிருந்து இறங்க அவருக்குக் கை கொடுத்தார்.

மெஷினை ஜட்காவில் ஏற்றி அனுப்பிவிட்டு நானும் பின்பாட்டும் நடந்தோம். பாதி வழியில் கேட்டார்:

"ஏன்பா, நான் சொல்றதெல்லாம் தப்பா?"

"சிலது சார்."

"அந்தக் கிழவியம்மா?"

"பாவம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. மேனேஜர் போனில் இழுத்து இழுத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் தபால் முத்திரை குத்துகிற சத்தம் மட்டும். என் இடது காதுக்கு இத்தனை காலம் கழித்து விடுதலை கிடைத்திருக்கிறது, கொண்டாட வேண்டியதுதானே? எனக்கு என்னவோ வேலையே ஓடவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது ஆபீஸ்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா டைப் அடிப்பதை நிறுத்தினாள். "சார், 'ரிசீவ்' ஸ்பெல்லிங்ல 'ஈ' முன்னால வருமா, 'ஐ' முன்னால வருமா?" தபால் மேஜையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். தயங்கினார். கழுத்து கொஞ்சம் நீண்டது.

"ஐ தாம்மா முன்னால."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அவள் 'ஈ'யை முன்னால் போட்டு அடித்தாள்.

சாயங்காலத்துக்குள் நானும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி ஏதோ ஒரு சந்தேகம் கேட்டேன். எனக்குப் பதில் தெரிந்த சந்தேகம்தான்.