நண்டுக்குப் பட்டு கட்டியவள்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்தில் ஒரு தனி நேர்த்தி இருக்கும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதால், அதையும் நானே தொடங்கிவைத்தேன்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண்ணான எனக்குக் கடலோரக் கிராமமொன்றில் மகளிர் குழுக்களுக்குத் தொழில் தொடங்க உதவும் வேலை. வயலில் உப்புநீர் ஏறி நெல் பொய்த்துப்போகவே, அங்கே முத்தம்மா அக்காவும் சில பெண்களும் அதே நிலத்தில் குட்டை வெட்டி நண்டு வளர்த்தார்கள். (என் யோசனை என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். அவர்களுடையது.) காஞ்சிபுரத்து ஓட்டல்காரர் ஒருவர், நண்டு பிடித்திருந்தால் வாராவாரம் எடுப்பதாகச் சொன்னார். இல்லையென்றால் அக்கா செங்கல் சூளைக்குத்தான் போகவேண்டும்.

பன்னிரண்டு நண்டுகளோடு காலையில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். கொடுக்குகளைச் சணலால் கட்டியிருந்தார் அக்கா. பட்டு ஊருக்கு வரும் நண்டு, சணலிலா? அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, அரக்கிலும் பச்சையிலும் பட்டு நூலைச் சுற்றி, அடியிலிருந்த சணலை வெட்டி எடுத்தேன். முடிச்சு போடவில்லை. முடிச்சு சேலையில் தட்டும், எங்கள் தெருவில் அது கேவலம். தறியில் இழை சேர்ப்பதுபோல, முனைகளைச் சாம்பல் தொட்டு முறுக்கிவிட்டேன்.

கூடையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டல் நெருங்கியதும் பெருமை தாங்காமல் சாக்கை விலக்கினேன்.

"இன்னா கண்ணு இது? முடிச்சு எங்க?"

"முடிச்சே இல்லக்கா! அதான் எங்க ஊரு வேலை!"

ஈரத்தில் சாம்பல் முறுக்கு நிற்காது என்பதை நண்டுகள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தன.

"யோவ், நிறுத்துயா! கால்ல இன்னாமோ ஊருது!" என்று பின்சீட்டு அம்மா அலறினார். நிறுத்துவதற்கு முன்பே டிரைவர் பாதி குதித்திருந்தார். பட்டு நூல் பின்னால் இழுபட, நண்டுகள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகளைப்போல நடுத்தெருவில் இறங்கின. சத்தம் கேட்டு வெளியே வந்தவர் ஓட்டல்காரர். அவருடைய வேட்டியை ஒரு நண்டு கவ்வியது.

நான்கு பேர் இழுத்தோம். வேட்டி கிழிந்தது, நண்டு விடவில்லை.

"போச்சுக்கா," என்றேன்.

ஓட்டல்காரர் வேட்டியில் தொங்கியதைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா பிடி பிடிக்குது பா! நல்ல கனம். வாராவாரம் எடுத்துக்கினு வாங்கம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "கட்டுறது மட்டும் அந்தம்மா கட்டட்டும்."

இன்றுவரை அக்காதான் கட்டுகிறார், சணலில்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை எடுத்ததும், மேளத்தையும் மீறி அப்பாவின் குரல் கேட்டது: "மூணு முடிச்சையும் இறுக்கமா போடுங்க மாப்ள! எங்க பொண்ணு கைய வச்சான்னா சாம்பல் தொட்டு முறுக்கிடுவா!"

முன்வரிசையில் முத்தம்மா அக்கா சிரித்த சிரிப்பு வீடியோவில் இருக்கிறது. தாலி கட்டியது சரியாகப் பதிவாகவில்லை.