மயில்மீனுக்கு மூன்று காரணம்

பலகையில் எழுதியிருந்தது தப்பு.

ஆறடிப் பலகை. மூன்று வண்ணம். மேலே கொட்டை எழுத்தில் ‘மயில்மீன்: பெயர் வந்த வரலாறு’. கீழே மூன்று காரணம். எழுத்தில் ஒரு பிசகு கிடையாது. வரிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. காரணம் மூன்றும் தப்பு.

எழுதியவன் போர்டு பெயிண்டர். ஊரில் அவனுக்கு அகராதி என்று பெயர். எதைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வான். தெரிந்தால் ஒன்று சொல்வான். தெரியாவிட்டால் மூன்று சொல்வான்.

அவன் மனைவி மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். பதினெட்டு வருஷமாக அதே மேடை. மார்க்கெட்டில் கத்தியக்கா என்று கேட்டால்தான் ஆள் காட்டுவார்கள். நெத்திலியிலிருந்து சுறாவரை அவள் கைபடாத மீன் இல்லை. அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு, மீன் பெயருக்கு அவன் தானே காரணம் கண்டுபிடித்தான். வேண்டுமென்றேதான் செய்தான். ஒரு தடவையாவது அவளை ஜெயிக்க வேண்டும் என்பது அவன் வைராக்கியம். கல்யாணம் ஆன மறுநாள் எடுத்த வைராக்கியம். இன்னும் புத்தம் புதிதாகவே இருந்தது. உபயோகப்படுத்த வாய்ப்பு வரவில்லை.

அந்த வீட்டில் பின்அறை ஒன்று உண்டு. நல்ல ஜன்னல், காலை வெளிச்சம், மூலையில் தண்ணீர்க் குழாய். அவனுக்கு வெளிச்சம் வேண்டும்; போர்டை நிறுத்தி எழுத. அவளுக்குக் குழாய் வேண்டும். ஐஸ் பெட்டி போட்டு வீட்டிலேயே மீன் வெட்டிக் கொடுக்க. இரண்டு வருஷமாக வழக்கு நடந்தது. அதுவரை அறையை ஆண்டது ஒரு உடைந்த நாற்காலி.

சனிக்கிழமை காலை தூண்டில் சங்கச் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். செருப்புக்கடை வைத்திருப்பவர். சங்கம் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அதில் செருப்போடு இறங்கக்கூடாது என்பது.

“அகராதி, பெரிய மீன் போட்டி நடத்தினோமில்ல? நம்ம பல் டாக்டர் ஜெயிச்சுட்டார். ஏழடி மீன்!”

“என்ன மீன்?”

“மயில்மீனாம். படகுக்காரன் பேரைச் சொல்லி இறக்கிட்டு அடுத்த சவாரிக்குப் போயிட்டான். நாளைக்குக் காலைல சங்கக் கூடத்துல ஐஸ்ல வச்சு ஊருக்கே காட்டப் போறோம். வர்றவன் எல்லாம் ஏன் மயில்னு கேப்பான். நான் என்னத்தைச் சொல்ல?”

“பிடிச்சவர் என்ன சொல்றார்?”

“அவர் பிடிச்ச நேரம் பூரா கண்ணை மூடிக்கிட்டு வாந்தி எடுத்தாராம். மீனை இன்னும் முழுசாப் பார்க்கலை.”

“விடுங்க. நான் எழுதறேன்.”

“உனக்குத் தெரியுமா?”

அகராதி சிரித்தான். தெரியாதபோது அவன் சிரிப்பது வழக்கம்.

போய் மீனைப் பார்த்தான். சங்கத்துக் குளிர் அறையில் கிடந்தது. கருநீல முதுகு. ஈட்டி மாதிரி நீண்ட மூக்கு. வழவழவென்று மரக்கட்டை கிடப்பதுபோல் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், மயில் இல்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான், அங்கேயும் இல்லை. குளிர் தாங்கவில்லை. வந்துவிட்டான். ஒரு காரணத்துக்கு வழியில்லாததால் மூன்று எழுதலாம் என்று முடிவு செய்தான்.

மத்தியானம் அவள் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லை. குறுக்கே பலகை. பலகைமேல் புருஷன்.

“என்னங்க எழுதறீங்க?”

“வரலாறு.”

“யாரோடது?”

“மயில்மீனோடது. அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு.”

“அதுக்கா ஆறடி? ஒரு வரியில முடியிற சங்கதி. சொல்லட்டுமா?”

“சொல்லாதே!” தூரிகையை வாள்போல உயர்த்தினான். “முதல்ல நான் எழுதியிருக்கிறதைக் கேளு. காரணம் ஒன்று. இம்மீனின் கழுத்து மயிலின் கழுத்தைப்போல நீல நிறமானது.”

“மீனுக்கு ஏதுங்க கழுத்து?”

“தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிறது என்ன?”

“செவுள். இத்தனை வருஷமா வெட்டறேன், ஒரு கழுத்தும் என் கத்திக்கு மாட்டலை. அடுத்தது படிங்க.”

“காரணம் இரண்டு. மழை வருமுன் மயில் ஆடுவதுபோல, இம்மீனும் மழையைக் கண்டால் துள்ளி ஆடும்.”

“அது ஏற்கெனவே தண்ணிக்குள்ளதானே இருக்கு? புதுசா மழை வந்து அதுக்கு என்ன ஆகப்போகுது?”

“மேல் தண்ணி வேற, கீழ் தண்ணி வேற.”

“அப்படியா? குழாய்ல தண்ணி பிடிக்கிறப்போ இனிமே கேட்டுப் பிடிக்கிறேன். மூணாவது?”

மூன்றாவது அவனுக்கே பிடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“காரணம் மூன்று. முன்னொரு காலத்தில் ஒரு மன்னன் தன் அரசியின் சாயலை இம்மீனிடம் கண்டு, மயில் என அன்போடு அழைத்தான்.”

“எந்த மன்னன்?”

“பேரு தெரியலை.”

“அவன் பேரே தெரியாது. அவன் வச்ச பேருக்குக் காரணம் மட்டும் தெரியுமா?”

“வரலாற்றுல அப்படித்தான்.”

“அது சரி, மூஞ்சியில ஈட்டி நீட்டிக்கிட்டிருக்கிற மீனைப் பார்த்து, என் பொண்டாட்டி மாதிரியே இருக்கேன்னு சொன்னானே, அன்னிக்கு ராத்திரி அவனுக்குச் சோறு கிடைச்சுதா? அதையும் எழுதுங்க.”

அகராதிக்கு உச்சந்தலை சூடேறியது. எழுந்து நின்றான். பலகையின் ஒரு முனையை மிதித்துவிட்டான். நல்லவேளை, எழுத்தில்லாத முனை.

“இதோ பாரு. நாளைக்குச் சங்கக் கூடத்துல நானே இதைப் படிக்கப் போறேன். ஜனம் ஒத்துக்கிட்டா பின்அறை எனக்கு. தப்புன்னு ஆயிட்டா உனக்கு. பேச்சு மாறமாட்டேன்.”

“சரி.”

ஒரே சொல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரே சொல்லில் சரி என்றது அதுதான் முதல் தடவை. வேறொரு புருஷன் அங்கேயே உஷாராகியிருப்பான். அகராதி அதற்கு வெற்றி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டான்.

“கடைசியாக் கேக்கறேன்,” என்றாள். “காரணத்தைச் சொல்லட்டுமா?”

“வேண்டவே வேண்டாம்.”

“அப்புறம் முன்னாடியே சொல்லலைன்னு எம்மேல பாயக்கூடாது.”

“பாயமாட்டேன்.”

அவள் பலகையைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போனாள். முணுமுணுவென்று ஏதோ பாட்டு. அதையும் அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடம் நிரம்பிவிட்டது. நடுவில் மேஜை, மேஜைமேல் நொறுக்கிய ஐஸ், ஐஸ்மேல் ஏழடி மீன். பின்னால் பலகை. பல் டாக்டர் மாலையோடு, மீனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வயிறு இன்னும் சரியாகவில்லை.

கத்தியக்கா தனியாக வரவில்லை. மார்க்கெட்டில் மீன் வெட்டும் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்டுப் பேரும் வரிசையாக, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மரியாதை என்று நினைத்தான் அகராதி.

செயலாளர் தலையசைத்தார். அகராதி படித்தான். எழுதியதைப் படித்தான், எழுதாததையும் சேர்த்துப் படித்தான். கழுத்தைச் சொன்னபோது தன் கழுத்தை வளைத்துக் காட்டினான். மழையைச் சொன்னபோது ஒரு சுற்று ஆடினான். மன்னனுக்கு வந்தபோது குரல் தழுதழுத்தது. கூடம் கை தட்டியது. எட்டுப் பெண்களும் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிவிட்டு, மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பின்அறையில் ஜன்னல் ஓரத்தில் பலகையை நிறுத்துவதா, கதவோரத்திலா என்று அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். உடைந்த நாற்காலியை அவளே தூக்கிப் போடட்டும் என்றும் முடிவு செய்தான். வாழ்க்கையில் அப்படி ஒரு ஐந்து நிமிஷம் எல்லாருக்கும் வாய்க்காது.

“என்னம்மா,” என்று செயலாளர் அவளைப் பார்த்துக் கேட்டார், “நீங்க மீன்லயே இருக்கறவங்க. புருஷன் பேச்சு எப்படி?”

“பிரமாதம் ஐயா. நானே இப்பத்தான் கேள்விப்படறேன்.”

அகராதியின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

“ஒரு சந்தேகம் ஐயா. மீனைத் தொடலாமா?”

“தாராளமா.”

அவள் மேஜைக்குப் போனாள். மீனைத் தடவிப் பார்த்தாள், தெரிந்தவர் முதுகைத் தடவுகிற மாதிரி. தலைக்குப் பின்னால் முதுகில் நீளமாக ஒரு பள்ளம் ஓடியது. கத்தி முனை அகலம்கூட இல்லை. அகராதி குளிர் அறையில் இரண்டு பக்கமும் பார்த்தவன், மேலே பார்க்கவில்லை. அவள் இரண்டு விரல் நகத்தை அந்தப் பள்ளத்துக்குள் விட்டாள். எதையோ கிள்ளிப் பிடித்தாள். முன்பக்கமாகத் தூக்கி இழுத்தாள்.

விசிறி விரிகிறமாதிரி விரிந்தது.

முதுகு முழுக்க ஒரே துடுப்பு. மீனின் உடம்பைவிட உயரம். ஆழ்ந்த நீலம், நீலத்தில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளி. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்து எதிரே இருந்தவர்கள் முகத்தில் விழுந்தது. மரக்கட்டைபோலக் கிடந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஐஸ்மேல் தோகை விரித்து நின்றது.

 கூடமே கத்தியது:

“மயிலு!”

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். தான் பிடித்த மீனை முதல் தடவையாகப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார். வயிறு அந்த நிமிஷமே சரியாகிவிட்டது.

“தண்ணிக்குள்ள வேகமாப் போறப்போ இதை மடிச்சு முதுகுக்குள்ள வச்சுக்கும்,” என்றாள் கத்தியக்கா. குரலை உயர்த்தவில்லை. மார்க்கெட் இரைச்சலில் பேசிப் பழகிய குரல், உயர்த்தத் தேவையில்லை. “இரையை மடக்கறப்போ விரிக்கும். மடிச்சு வச்சா மயிலையும்தான் யாரு மயில்னு சொல்லுவா? சில பக்கம் ஓலைமீன்னும் சொல்லுவாங்க. பனை ஓலையா விரியுதில்ல? கப்பல்ல போனவன் இதைப் பார்த்துப் பாய்னு சொன்னான். அவனவன் கண்ணு எதைப் பார்த்துப் பழகுச்சோ அந்தப் பேரை வச்சான். மீனு ஒண்ணுதான்.”

கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. எட்டுப் பெண்களும் இப்போது வாயிலிருந்து கையை எடுத்தார்கள். எடுத்ததும் சிரிப்பு கொட்டியது. நேற்றிலிருந்து அடக்கி வைத்தது.

அகராதி விடுவானா?

“இதைத்தான் நான் நாலாவது காரணமா...”

“அப்படிங்களா?” என்றாள். “பலகையில எங்க இருக்கு?”

“இடம் போதலை.”

“ஆறடியில?”

அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். மன்னனுக்கு இரண்டு வரி அதிகம் கொடுத்தது எவ்வளவு பெரிய பிசகு என்று அப்போது தோன்றியது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊர் சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். பலகையைத் திருப்பச் சொன்னார். பின்பக்கம் வெறும் பலகை. அகராதி பெட்டியைத் திறந்தான், சுண்ணாம்பு தடவிய நூலைத் தட்டிக் கோடு போட்டான். அவள் சொன்னாள், அவன் எழுதினான். ஒரே வரி.

‘மயில்மீன். ஏன் என்று தெரிய முதுகைப் பாருங்கள்.’

அம்புக்குறி ஒன்று, துடுப்பைக் காட்டி. அவ்வளவுதான். ஆறடி வரலாறு செய்யாத வேலையை அது செய்தது. செயலாளருக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. சங்கத்துச் சுவர் பூராவும் இப்படி நாற்பது மீனுக்குப் பலகை வேண்டும் என்றார்.

“அம்மா சொல்லட்டும், நீ எழுது. ஒரு வருஷத்து வேலை, அகராதி!”

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டாமலிருக்க மிகவும் கஷ்டப்பட்டான். அவள் பக்கத்தில் நகர்ந்து காதோரம் கேட்டான்:

“அப்போ நாற்பது போர்டு எழுத இடம் வேணுமே. பின்அறை...”

“ஐஸ் பெட்டி நாளைக்கு வருது.”

“அதுக்குள்ள எப்படி?”

“வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்.”

“மீனே சனிக்கிழமைதானே பிடிபட்டுது!”

“இந்த மீன் இல்லாட்டி இன்னொரு மீன்,” என்றாள். “நீங்க இருக்கீங்கல்ல, அந்தத் தைரியம்தான்.”

அவன் வேலையைப் பார்த்தான். பலகையின் அடி மூலையில் எழுதியவன் பெயர் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். சின்னத் தூரிகையை எடுத்தான். மூலையில் ‘அகராதி’ என்று எழுதினான். தூரிகையைத் துடைத்தான்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டாள்.

“வேற என்ன?”

எட்டுப் பெண்களும் மேஜையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். செயலாளரும் வந்தார். பல் டாக்டரும் மாலையோடு வந்தார். எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள்.

அவன் சின்னத் தூரிகையை வைத்துவிட்டுப் பெரிய தூரிகையை எடுத்தான். தன் பெயருக்கு மேலே, தன் பெயரைப்போல மூன்று மடங்கு உயரத்தில், தன் கையாலேயே எழுதினான்:

‘சரி செய்தவர்: கத்தியக்கா.’