வெற்றிலைக்குள் ஒரு மீசை

எனக்குப் பாம்பிடம் பயமில்லை. (நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.) தெருநாய், இருட்டு, மேனேஜர் எல்லோரையும் சமாளித்துவிடுவேன். கரப்பான்பூச்சி முன்னால் மட்டும் எனக்கு முதுகெலும்பு கிடையாது. அதற்கும் கிடையாது என்பதால் அந்த ஒரு விஷயத்தில் இருவரும் சமம்.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சிக்கும் ஆறு கால், கரப்பானுக்கும் ஆறு கால். ஒன்று தோளில் உட்கார்ந்தால் போட்டோ எடுக்கிறோம். இன்னொன்று உட்கார்ந்தால் சட்டையையே கழற்றி எறிகிறோம். கடிக்கும் என்று பயந்தால் கொசுவைப் பார்த்துத்தான் அலற வேண்டும். யாராவது அலறுகிறோமா? மழைக்காலத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் படிகளில் ஊர்வலம் போகும் மரவட்டை, பாவம், யாரையும் ஒன்றும் செய்வதில்லை. ஆனாலும் அதைத் தாண்டும்போது கால்விரல்கள் தானாகச் சுருண்டுகொள்கின்றன. என் ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: பிரச்சினை பல்லில் இல்லை, மீசையில் இருக்கிறது. நாய் எந்தப் பக்கம் பாயும் என்று நமக்குத் தெரியும். கரப்பான் எந்தப் பக்கம் ஓடும் என்று கரப்பானுக்கே தெரியாது. மீசையை ஆட்டி ஆட்டி யோசிக்கும். அது யோசிக்கும் அந்த இரண்டு வினாடிதான் நம் உயிரை வாங்குகிறது.

அப்படிப்பட்ட இரண்டு வினாடியில் என் தங்கை சுகந்தியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

சுகந்தியும் தினேஷும் ஒரே ஆபீஸ். நாங்கள் வாணியம்பாடியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பிழைக்க வந்தவர்கள். அவர்களும் தமிழர்கள்தான், ஆனால் மூன்று தலைமுறையாக ஜீவனஹள்ளிக்காரர்கள், அவசரத்தில் வாயில் கன்னடம்தான் வரும். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் ஆனது. கடைசிவரை இறங்கி வராதவர் தினேஷின் பெரியம்மா. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். அவருக்கோ சகுனம்தான் சட்டம். வாசலில் பூனை குறுக்கே போனதென்று சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசத்தையே தள்ளிவைத்தவர்.

"அண்ணா, அவங்க ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. நிச்சயத்தன்னிக்கு ஒரு பாக்கு கீழ விழுந்தாக்கூட போதும், எல்லாம் காலி. தயவுசெஞ்சு சொதப்பிடாத" என்றாள் சுகந்தி.

என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தார். தட்டு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் ஓவராகப் போவேன். முதல் நாள் மாலையே வெற்றிலை வாங்கிவந்தேன். வாடக்கூடாதே என்று தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, வீட்டிலேயே குளுமையான இடம் எது என்று தேடிப் பார்த்து, கிச்சன் சிங்க்குக்கு அடியில் வைத்தேன். (ஃப்ரிட்ஜ் இல்லையா என்று கேட்பீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெற்றிலை கறுத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சிங்க்கைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.) காலையில் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பச்சைப்பசேலென்று இருக்கிறதே என்ற பெருமையில் நாரோடு அப்படியே தூக்கித் தாம்பாளத்தில் வைத்தேன்.

ஜீவனஹள்ளி வீட்டு ஹாலில் நாற்பது பேர். புரோகிதர் லக்னப் பத்திரிகையை வாசித்து முடிக்கும்வரை இரண்டு தரப்பும் தட்டை ஏந்தியபடியே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எதிரே தினேஷின் பெரியப்பா ஒரு தட்டோடு. இந்தப் பக்கம் நான், தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம், என் பெருமைக்குரிய வெற்றிலைக் கட்டு. பக்கத்து நாற்காலியில் பெரியம்மா, என் விரல்களையே பார்த்தபடி.

புரோகிதர் கொள்ளுத்தாத்தா பெயரில் ஆரம்பித்தார். தாத்தாவுக்கு வரும்போது வெற்றிலைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு மீசை வெளியே வந்தது.

முதலில் வெற்றிலைக் காம்பு என்றுதான் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதே சரி. காம்பு ஆடாது. இது ஆடியது. பக்கத்தில் இன்னொன்றும் வந்து ஆடியது. பிறகு முழு ஆசாமியும் வெளியே வந்து, மஞ்சள் கிழங்கின் மேல் ஏறி நின்று, என் கட்டைவிரலைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தது.

தட்டைப் போட்டால் தங்கையின் வாழ்க்கை போச்சு. போடாவிட்டால் என் உயிர் போச்சு. உதட்டை அசைக்காமல் பெரியப்பாவிடம், "சார், கொஞ்சம் சீக்கிரம் வாங்கிக்கோங்களேன்" என்றேன்.

"இன்னும் பொண்ணு பேரே வரல தம்பி. அவசரப்படாதீங்க" என்றார் அவர் சிரித்தபடி.

அது கட்டைவிரலில் ஏறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இதை என் வீரத்தின் உச்சம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அடுத்து சட்டைக் கைக்குள் ஒரு மீசையை நுழைத்துப் பார்த்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசிலுக்கும் ஆட்டோ பிரேக்குக்கும் நடுவில் ஒரு சத்தம். அடுத்த நொடி தட்டைப் பெரியப்பாவின் நெஞ்சில் தள்ளிவிட்டிருந்தேன். அதே நொடியில் விஷயத்தைப் பார்த்துவிட்ட பெரியப்பா, தன் தட்டை என் வயிற்றில் திணித்துவிட்டுப் பின்னால் குதித்தார். கரப்பான் பறந்தது.

"ஜிரளே! ஜிரளே!" என்று அந்த வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் அலறினார்கள். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அது ஒன்றுதான். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றி வைத்திருந்த மாப்பிள்ளை தினேஷ், பட்டு வேட்டியோடு சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தார். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிய கரப்பான், இடம் தேடி உட்கார்ந்தது பெரியம்மாவின் தோளில்.

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சிலையாக இருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

கூப்பிடும்வரை உள்ளறையில் இருக்க வேண்டிய கல்யாணப்பெண் விடுவிடுவென்று வெளியே வந்தாள். பெரியம்மாவின் தோளிலிருந்து அதை மீசையைப் பிடித்து எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே விட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஐயரே, மேல படிங்க" என்றாள்.

புரோகிதர் படிக்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தார். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம்.

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "தட்டு கீழ விழுந்துச்சா?"

"விழலை மாமி. அதுவா மாறிடுத்து" என்றார் புரோகிதர்.

பெரியம்மா சோபாவின் மேலிருந்த தினேஷை ஒரு பார்வை பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுகந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா இந்த வீட்டு ஆம்பளைங்கள நம்பி நான் கிச்சன்ல லைட் போடவே பயந்துக்கிட்டு இருக்கேன். இந்தப் பொண்ணு எனக்கு வேணும். கல்யாணத்த சீக்கிரம் வைங்க!"

கல்யாணம் நடந்தது. நிச்சயதார்த்த வீடியோவிலிருந்து என் அலறலை மட்டும் வெட்டியெடுத்து, நான் போன் செய்தால் அடிக்கும்படி வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. (சோபாவில் ஏறியவருக்கு இந்தக் கொழுப்பு.) எல்லோரும் இன்றுவரை திட்டுவது வெற்றிலை விற்ற அம்மாவைத்தான். சிங்க் விஷயத்தை இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்திலும் எந்த நிச்சயதார்த்தம் நடந்தாலும், தட்டு மாற்றுவதற்கு முன் வெற்றிலையைப் பிரித்து என் முன்னால் மூன்று தடவை உதறிக் காட்டுவார்கள். கேலிக்காக ஆரம்பித்ததுதான். போன மாதம் தினேஷின் தம்பிக்கு நிச்சயம். புது சம்பந்தி அம்மா புரியாமல், "எதுக்குங்க உதறுறீங்க?" என்று கேட்டார்.

"அது எங்க குடும்ப வழக்கம். உதறினா பீடையெல்லாம் ஓடிப்போயிடும்" என்றார் பெரியம்மா, முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

சம்பந்தி அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். உதறும்போது மட்டும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.