எலி காற்று வாங்கிய கட்டுரை

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே பயத்தைக் கரைத்துக் குடித்தவர் எங்கள் 'பயம் சார்' ஒருவர்தான். பயத்துக்கு மருந்து கண்டுபிடிப்பது அவர் ஆராய்ச்சி. பயப்படுவது அவர் சுபாவம்.

ஃபார்மசி கல்லூரியில் அவர் சீனியர் பேராசிரியர். நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளன். பல்லி கத்தினால் நாற்காலியோடு நகர்ந்து உட்காருவார். போன் அடித்தால், "நீங்க எடுங்க, சேர்மனா இருக்கப் போவுது" என்பார். தூக்கத்தில் அலறும் குழந்தைகளுக்குக் கல்வராயன் மலையில் ஒரு வேரை உரைத்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் மலையேறிக் கரியாலூர் போய் வேர் வாங்கி வந்தது நான். சாருக்கு அட்டைப்பூச்சி பயம்.

சோதனை எளிது. இடுப்பு உயரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பலகை. அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவருக்குள் ஒடுங்கும். பயம் தெளிந்த எலி வெட்டவெளிப் பலகைக்கு வந்து உலாவும். வேர்ச்சாறு குடித்த எலிகள் வெளியே வந்து கல்யாண வீட்டு மாமாக்கள் மாதிரி காலை நீட்டிப் படுத்தன! மூளையின் பயத்தைத் தணிக்கும் வேர் என்று சாரின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது.

கல்லூரி சேர்மன் அரிசி ஆலை முதலாளி. கட்டுரையின் தலைப்பைத் தாண்டி அவர் படிக்கவில்லை. "பரிட்சைன்னா பசங்க நடுங்கிக்கினு கெடக்கறானுங்க. டானிக்கா போட்டு வித்துடலாம் சார்" என்றார். லேபிளும் அச்சாகிவிட்டது. அதில் புலி மேல் உட்கார்ந்து ஒரு பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

டானிக் வெளியீட்டு விழாவில் விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக, சித்திரை வெயிலில் ஒத்திகை பார்த்தோம். எலி ஜம்மென்று வெளியே வந்து வயிற்றைப் பரப்பிப் படுத்தது. கரண்ட் போனது. எலி எழுந்து உள்ளே போனது. கரண்ட் வந்தது. எலியும் வந்தது.

சார் அண்ணாந்து பார்த்தார். வெளிப்பலகைக்கு நேர் மேலே ஃபேன்.

"இன்னாங்க இது... காத்து வாங்குது!"

வேர் கொடுக்காத எலிகளை நாங்கள் சோதித்தது மார்கழியில், ஃபேன் போடாமல். கொடுத்தவற்றைச் சோதித்தது போன வருஷக் கோடையில், ஃபேனைப் போட்டுக்கொண்டு. உடனே வேர் குடிக்காத ஒரு எலியை விட்டுப் பார்த்தோம். அதுவும் ஃபேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சேர்மன்கிட்ட நாளைக்குச் சொல்லலாமே சார்?"

"நாளைக்கி இன்னும் ஜாஸ்தி பயமா இருக்கும். இப்பவே போயிடறேன்."

துணைக்கு நானும் போனேன். சேர்மன் அறையில் சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"ஐயா, வேருல ஒண்ணுமில்லீங்க. ஃபேனுதாங்க. எலி காத்து வாங்கியிருக்குது."

"எலி காத்து வாங்கினா உனக்கு இன்னாய்யா? லேபிள் அடிச்சாச்சு!" சேர்மன் கத்தினார்.

"பசங்க குடிப்பாங்க ஐயா. தைரியம் வந்துட்ச்சின்னு நம்பி, படிக்காம போயி உக்காருவாங்க. என் கட்டுரையக் காட்டி விக்க வுடமாட்டேன்."

"வுடமாட்டியா?"

"மாட்டேங்க."

சொல்லிவிட்டு எழுந்தார். இழுக்க வேண்டிய கதவை வெகுநேரம் தள்ளிக்கொண்டே நின்றார். நான்தான் திறந்துவிட்டேன்.

அன்றே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். டானிக் கடைக்கு வரவேயில்லை. பிறகு, தான் ஏமாந்த கதையை ஃபேன் படத்தோடு ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார். அதுவரை அவர் மாய்ந்து மாய்ந்து எழுதிய எதையும் ஒருவரும் சீண்டியதில்லை. இதுவோ கடல் தாண்டிப் போனது. எங்கெங்கோ இருந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆய்வுக்கூடக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். தங்கள் கட்டுரைகளில் ஃபேன் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, ஆதாரமாக இவர் பெயரைப் போட்டார்கள்.

"ஒலகமே நம்ம தப்பத்தான் படிக்குதுங்க" என்று வெட்கப்படுவார். வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் கட்டுரைகளை நகலெடுத்து டீக்கடைக்காரர் வரை காட்டுவார்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் சேர்மன் அவரை வேலையை விட்டு அனுப்பினார். சேலத்தில் ஒரு கல்லூரி கூப்பிட்டுக்கொண்டது. வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டிரைவரு தூங்கி வழியறாரு பாருங்க. வண்டி எடுக்கற வரிக்கும் இருக்கறீங்களா?" என்றார்.

நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்டக்டரிடம் ஒரு சேலம் டிக்கெட் வாங்கினேன். சேலத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.