கோர்னர் அண்ணையின் பதினொரு பேர்

ஒஸ்லோவில் உதைபந்தாட்டப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முழங்காலளவு பனி மூடிய மைதானத்தின் மூலையில் நின்று, நடக்காத ஆட்டத்துக்குக் கைதட்டி, இல்லாத நடுவரை வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கோர்னர் அண்ணை.

நான் அவரை முதன்முதலில் கண்டது ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில், ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகத் தொடங்கிவிட்டது. எங்கள் மாடிக் கட்டிடங்களுக்குக் கீழே இருக்கும் மைதானம் யாரும் படுக்காத வெள்ளைப் படுக்கை மாதிரிக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் மண்ணிறக் கோட்டு, காதுமூடித் தொப்பி, பின்னால் கட்டிய கையோடு ஒருவர் நின்றார். வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டாராக்கும் என்று இறங்கிப் போனேன். ஆருக்கும் ஒன்றென்றால் முதல் ஆளாய் ஓடுவது நான்தான். ஹொல்ம்லியாவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

“அண்ணை, என்னத்தைத் தேடுறியள்?”

“கொஞ்சம் விலகி நில்லும் காணும். மறைக்கிறீர்.”

“என்னத்தை மறைக்கிறன்?”

“கோலை.”

திரும்பிப் பார்த்தேன். பனி. பனிக்கு அப்பால் ஊசியிலை மரங்கள். அவற்றின் மேல் இன்னும் பனி.

“எத்தினைக்கு எத்தினை?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னை மரியாதையாகப் பார்த்தார். “ஒண்டுக்கொண்டு. ரெண்டாம் பாதி தொடங்கீட்டுது.”

அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் அது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன் நான். இந்த ஊருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சட்டி கழுவினேன். பிறகு அந்த ஹோட்டலின் தரையைக் கழுவினேன். இன்றைக்குப் பன்னிரண்டு வான் ஓடும் துப்புரவுக் கம்பனிக்கு முதலாளி நான். பட்டம் படித்தவர்கள் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. எங்கள் சனம் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்வி, “நீங்கள் எந்தக் கொலிச்?” என்பது. அந்தக் கேள்வி வந்தால் நான் ரீ குடிக்கப் போய்விடுவேன். அந்த நாளில் ஒரு கல்லூரி மதிலுக்கு வெளியே விழுந்த பந்தை எடுத்துத் திருப்பி எறிந்திருக்கிறேன். எனக்கும் கல்லூரிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி இருந்தால் ஒஸ்லோவில் அதற்கு ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கும். சங்கம் இருந்தால் ஒரு ரீம் இருக்கும். கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை எல்லாக் கல்லூரிகளும் மோதும். கோர்னர் அண்ணையின் கல்லூரி நீலம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் மற்றக் கல்லூரிக்காரர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். போட்டி தொடங்கியதிலிருந்து பத்தொன்பது வருசம் அந்த நீலம் கிண்ணத்தைத் தொடவில்லை. பாண் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. தன் கல்லூரி ஒருமுறை அந்தக் கிண்ணத்தை வாங்க வேண்டும். அதைத் தான் மூலைக் கொடியடியில் நின்று பார்க்க வேண்டும்.

ஏன் மூலை? படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை கல்லூரி ரீமில் விளையாடினாராம். ஒரே ஒரு கோர்னர் அடித்தாராம். அது கோலில் முடிந்ததாம். “மூலையிலை நிண்டு பார்த்தாத்தான் மைதானம் முழுசாத் தெரியும். மற்ற இடத்திலை நிண்டா பந்து மட்டும்தான் தெரியும்” என்பார்.

சனம் நாடு விட்டு வந்த முதல் வருசங்களில் ரீமுக்கு ஆள் இருந்தது. பிறகு ஆட்களுக்கு வயிறு வைத்தது, முழங்கால் போனது. சங்கங்கள் கூடி விதியைத் தளர்த்தின. பழைய மாணவரின் மகனும் விளையாடலாம், மருமகனும் விளையாடலாம். வந்தது வினை.

அதற்குப் பிறகு கோர்னர் அண்ணை கல்யாண வீடுகளுக்குப் போனது சாப்பிடுவதற்கல்ல. ஸ்ட்ரோம்மன் பக்கத்து மண்டபம் ஒன்றில் அவருடைய வகுப்புத் தோழரின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்து நிற்கிறார். பெண்ணின் தம்பி குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறான். எல்லோரும் அதற்காக மாப்பிள்ளை அவனுக்குப் போடும் மோதிரத்தைப் பார்க்கிறார்கள். கோர்னர் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழுவிய தண்ணீருக்குள் விழுகிற மாதிரிக் குனிந்தார்.

“இடது பெருவிரல் நகம் கறுத்துப் போய்க் கிடக்கு. இடதுகால்காரன்!” என்று சபைக்கு அறிவித்தார்.

“அண்ணை, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்” என்றார் பெண்ணின் தாய்.

“நிக்கட்டும் பிள்ளை. பத்து வருசமா எங்களுக்கு லெப்ற் விங்கிலை ஆளில்லை. நீ பெத்த பிள்ளை கொண்டந்து தந்திருக்கிறாள்.”

அந்த மாப்பிள்ளை அந்தக் கோடையில் நீலத்துக்கு மூன்று கோல் அடித்தான். அரையிறுதி வரை போனோம். திரும்பி வரும்போது கோர்னர் அண்ணை என் வானுக்குள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். வெளியே ஏழரை மணி வெயில் கடல் மீது பொன்னாகப் படுத்திருந்தது.

அடுத்த கோடையில் அதே மாப்பிள்ளை சிவப்பு உடுப்போடு நின்றான்.

“தம்பி, போன வருசம் எங்கடை பக்கமெல்லே நிண்டனீர்?”

“ஓம் மாமா. அது ஸ்வீகர்ஃபார்ட லாக். இந்த வருசம் அப்பாட.” மாமனாரையும் ரீமையும் நோர்வே மொழியில் சொன்னான் பொடியன்.

“அப்ப வாற வருசம்?”

“பாப்பம் மாமா. ரெண்டு பக்கமும் கேக்கினம்.”

“இது கொலிச்சோ பஸ்ஸோ, ஏறி இறங்குறதுக்கு?”

அன்றைக்கு அவர் கொத்துரொட்டியைத் தொடவில்லை. அவருடைய பங்கையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

பிறகு ஒவ்வொரு வருசமும் ஒரு புதுக் குத்து. ஆட்டம் முப்பது நிமிடம், பேச்சுகள் இரண்டு மணித்தியாலம். ஒருமுறை எதிர்ப்பக்கத்துக்குத் தண்ட உதை. மைதானமே மூச்சை அடக்கி நிற்கிறது. ஒலிபெருக்கி சொல்கிறது: “சூடான ரோல்ஸ் வந்துவிட்டது.” எங்கள் கோல் காப்பாளர் திரும்பிப் பார்த்தார். பந்து உள்ளே போனது. கோர்னர் அண்ணை மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கி நடந்ததை நான்தான் மறித்தேன்.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, மருமக்களைத் தடைசெய்ய வேண்டும் என்று பிரேரித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் முழுப் பேரும் மாமன்மார். அவருடைய கை மட்டும்தான் மேலே போனது.

“அண்ணை, மருமக்களை விட்டா எங்களிட்டை ஏழு பேர்தான் இருக்கினம்” என்றார் தலைவர். “அதிலை ரெண்டு பேருக்கு முழங்கால் மாத்தினது.”

“ஏழு பேரோடை தோப்பம்.”

“தோக்கிறதுக்கு ஏன் அண்ணை மைதானத்துக்குப் போவான்? வீட்டிலை இருந்தே தோக்கலாமே.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் இருபதாவது வருசம் நீலம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ரீமில் எட்டுப் பேர் மருமக்கள். சமநிலை. தண்ட உதை. கடைசி உதை அடிக்க வந்தவன் கல்யாண வீட்டு இடதுகால்காரனேதான். திரும்பவும் மாமனார் பக்கம் ஏறியிருந்தான். அடித்தான். கோல்! தலைவர் விழுந்து கும்பிட்டார். தவில் அடித்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது, எனக்கும் அந்தக் கல்லூரிக்கும் என்ன?

நான் மூலையைப் பார்த்தேன். கோர்னர் அண்ணை கைதட்டவில்லை. அந்தப் பொடியனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நீல உடுப்புக்குக் கீழே சிவப்புக் காலுறை. போன வருசத்து ரீமின் காலுறை. மாற்ற மறந்துபோனான்.

“கிண்ணம் வந்திட்டுது காணும்” என்றார் என்னிடம். “கொலிச் வரேல்லை.”

அதற்குப் பிறகு அவர் கோடை ஆட்டங்களுக்கு வரவில்லை. பனிக்காகக் காத்திருந்தார். பனி விழுந்தால் மைதானத்தில் கோடு தெரியாது, உடுப்பு தெரியாது, ஒலிபெருக்கி கிடையாது. ஞாயிறு தோறும் அவருடைய ஆட்டம் நடந்தது. நான் ரீப் போத்தலோடு இறங்கிப் போவேன். ஒரே மூடியில் இரண்டு பேரும் மாறி மாறிக் குடிப்போம். நீல வெளிச்சத்தில் பனி மெல்ல மெல்ல விழும். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றால், சத்தியமாகச் சொல்கிறேன், ஆரோ ஓடுகிற மாதிரித்தான் இருக்கும்.

ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணை, தோத்துக்கொண்டிருக்கிறமோ?”

“எங்கடை அந்தக் காலத்து ரீமிலை பத்துப் பேர்தான் காணும் நிக்கினம். லண்டனிலை இருக்கிறவன் வந்திட்டான். கனடாக்காரன் வந்திட்டான். செத்தவங்கள் ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்திட்டாங்கள். றைற் பாக்கிலை நிண்டவன் எங்கை எண்டு இண்டை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.” மூக்கைத் துடைத்தார். “வலப்பக்கம் திறந்துபோய்க் கிடக்கு. அதாலைதான் அங்கை உம்மை விட்டிருக்கிறன்.”

எனக்கு ரீ புரைக்கேறியது. “நான் உங்கடை கொலிச் படலையைக் கூடக் கண்டதில்லை அண்ணை.”

“மதிலுக்கு வெளியிலை விழுந்த பந்தைத் திருப்பி எறிஞ்சனான் எண்டு சொன்னனீரெல்லோ?”

“அது வேறை கொலிச்.”

“பந்தை வைச்சிருக்காமல் குடுத்தனீர்தானே?”

“அப்ப நானும் மருமகன் மாதிரித்தானே, அண்ணை? வெளியாள்.”

“மருமகன் வாற வருசம் போயிடுவான்” என்றார், மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நீர் எங்கை காணும் போகப்போறீர்?”

பன்னிரண்டு வானுக்கும் முதலாளி நான், அன்றைக்கு வலப்பக்கமாக நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

போன வருசம் அவருக்கு இடுப்பு நோவு வந்து, வடக்கே ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தில் பல் வைத்தியராக இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே வீட்டு ஜன்னலுக்கு முன்னால் மைதானம் இல்லை, கார் நிறுத்துமிடம்தானாம். ஞாயிறு மூன்று மணிக்கு எனக்குத் தொலைபேசி வரும். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன். மூலையில் போய் நிற்பேன். “நீங்கள் எந்தக் கொலிச்?” என்று இப்போது ஆராவது கேட்டால் நான் ரீ குடிக்கப் போவதில்லை.

“என்ன நிலைமை?” என்பார்.

“சரியான பனி அண்ணை. கோல் தெரியேல்லை. ஆனா வலப்பக்கத்தாலை இன்னும் ஒருத்தரையும் விடேல்லை.”