எஞ்சினும் நானும் ஒரு தண்ணிப்பம்பும்

மன்னார்த் தீவில் ஒருவருக்கும் விளக்கம் சொல்லாமல் நடமாடுகிற உயிர்கள் இரண்டு. ஒன்று கழுதை, மற்றது எஞ்சின். கழுதையாவது ஹோர்ன் அடித்தால் காதை ஆட்டும்.

எஞ்சின் என்பது ஆளின் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பள்ளிமுனையில் அவனுடைய தாய்க்கும் சேசுவுக்கும் மட்டும்தான் தெரியும். படகு எஞ்சின் திருத்துவது அவன் தொழில். கிற்றார் வாசிப்பது அவனுக்கு மருந்தில்லாத வருத்தம். தொழிலையும் வருத்தத்தையும் ஒரே தகரக் கொட்டிலில், ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். திருத்திய எஞ்சினைத் தண்ணிப் பீப்பாவுக்குள் இறக்கி இயக்குவான். அது உறுமுகிற சத்தத்துக்குக் கிற்றாரின் கம்பியை முறுக்குவான். இரண்டும் ஒன்றாகச் சேரும்வரை அந்த எஞ்சின் கொட்டிலை விட்டு வெளியே போகாது.

"அண்ணை, எஞ்சின் சரியோ?" என்று கடல்தொழிலாளி ஒருவன் வந்து நிற்பான்.

"எஞ்சின் சரி. சுருதி சரியில்லை. நாளைக்கு வா."

"நான் கடலிலை பாட்டே பாடப்போறன்?"

"நீ பாடமாட்டாய். மீன் கேக்கும்."

இவனோடு சேர்ந்துதான் நான் 'இரண்டு நெத்தலி' என்ற இசைக்குழுவை நடத்தினேன். குழு என்றால் இரண்டு பேர். அவன் கிற்றாரும் பாட்டும், நான் தாளம். டிரம் வாங்க வழியில்லாததால் மீன் ஏற்றுகிற ரெஜிஃபோம் பெட்டிகளையும் ஒரு எண்ணெய்த் தகரத்தையும் அடித்தேன். ஒருத்தரும் காசு போடவில்லை, ஒரு கொம்பனியும் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் நாங்களே செய்தோம். பிறகு கனடாவில் இருந்து ஒரு பொடியன் எழுதினான், இதற்கு 'இண்டி ரொக்' என்று பெயராம். அதுவரைக்கும் நாங்கள் அதை வறுமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதல் மேடை ஒரு திருவிழாவின் கலைநிகழ்ச்சி. ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி. கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தோம். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பங்குத்தந்தை அன்பாகக் கேட்டார்: "சுருதி பாத்து முடிஞ்சுதெண்டா இனிப் பாட்டைத் தொடங்கலாமே பிள்ளையள்?"

இருந்தும் ஓர் இறுவட்டு போட்டோம். மீனை ஏற்றாமல் போய்விட்ட ஐஸ் லொறியைப் பற்றி அதில் ஒரு பாட்டு. அது எப்படியோ பேசாலைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஓடியது, இலுப்பைக்கடவையில் உழவு மெசினில் ஓடியது. கடைசியில் கப்பலேறாமலே கனடாவுக்கும் போய்விட்டது. "அடுத்தது எப்ப?" என்று சனம் கேட்கத் தொடங்கிய அன்றுதான் எஞ்சின் வாயை மூடினான். புதிதாக வந்த எஞ்சின்களின் சத்தத்துக்குள் எந்தச் சுருதியும் நிற்கவில்லையாம். வருஷக் கணக்காக எவர் கேட்டாலும் ஒரே பதில்.

"வரும். அவசரப்படுத்தினால் அடிப்பிடிக்கும்."

நானும் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் ஒரு கந்தோரில் வேலை, ஒரு மனுசி, ஒரு வண்டி எல்லாம் வந்து சேர்ந்தன. வண்டி என்றது வயிற்றை.

இப்படி இருக்க, போன மாதம் எருக்கலம்பிட்டி நானா தன் தேத்தண்ணிக் கடைக்குள்ளிருந்து என்னைக் கண்டு துள்ளி வந்து கையைப் பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்! கடைசியா ரெண்டு நெத்தலியும் திரும்ப வாறீங்களாமே! ஞாயிற்றுக்கிழமை, ஐஸ் ஃபக்ரறி வளவிலை, எல்லாம் புதுப் பாட்டாம். எஞ்சின் நேரிலை வந்து சொன்னவர்."

இரண்டு நெத்தலியில் ஒரு நெத்தலிக்கு இது புதினம். ஆனால் முகத்தில் காட்டினேனா?

"ஓம் நானா. கடுமையான பயிற்சி. கை எல்லாம் ஒரே நோ."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு ஆளாய் வந்து வாயால் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்குப் போகிறவன் சோற்றுக்கு வந்தவன். சொல்லாமல் விட்ட கோபத்தில் மூன்று தலைமுறையாகப் பேசாத குடும்பங்கள் இந்தத் தீவில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் எஞ்சின் சலூன்காரனுக்குச் சொல்லியிருந்தான். தபால்காரருக்குச் சொல்லியிருந்தான். பாலத்தைத் தாண்டி, பஸ் பிடித்து, இலுப்பைக்கடவைக்குப் போய் அந்த உழவு மெசின்காரருக்கும் சொல்லியிருந்தான். பெரியமடுவில் பழக்கமில்லாத ஒரு வீட்டில் தண்ணி வாங்கிக் குடித்து, அவர்களுக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். என் வீடு அவன் கொட்டிலில் இருந்து ஒரு கூப்பிடு தூரம். கூப்பிடத்தான் ஆளில்லை.

மனுசியிடம் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்தது என் பிழை.

"இஞ்சருங்கோ, அவர் மெக்கானிக் எல்லோ? பழைய சாமான் கிடந்தால் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டுவார்."

"நான் என்ன பிளக்கோ கழட்டிறதுக்கு?"

"பிளக் எண்டால் துடைச்சுப்போட்டுத் திரும்பப் போடலாம்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. புதிய தாளக்காரன் எப்படி இருப்பான் என்று ஒரு படம் மனதில் ஓடியது. சுருட்டை முடி, ஒட்டிய வயிறு, காதில் ஒரு வளையம், மூச்சு வாங்காத வயது. கந்தோரில் கடிதத்துக்கு முத்திரை குத்துவதுகூட அவனோடு போட்டியாகிவிட்டது. பக்கத்து மேசை அக்கா, "தம்பி, மேசை உடைஞ்சால் புதுசு தரமாட்டாங்கள்," என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பொறுக்கமுடியாமல் கொட்டிலின் பின்பக்கமாகப் போனேன். கருவாடு வாங்கப் போகிற பாவனை. உள்ளே கிற்றார் கேட்டது. அதோடு தாளமும் கேட்டது. டுக்கு டுக்கு டக், டுக்கு டுக்கு டக். கடவுளே, என்ன தாளம்! ஒரு இடத்தில் தடுமாறவில்லை, ஒரு இடத்தில் களைக்கவில்லை. நான் என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. அடிப்பவனைக் கண்டதும் இல்லை. கொட்டில் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைக்குக் கண்ணைக் கொடுத்தேன்.

உள்ளே மனிதர் ஒருவரும் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்ப் ஒன்று நடுவில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பிஸ்கற் தகர மூடி கட்டப்பட்டு அடித்துக்கொண்டிருந்தது. எதிரே கதிரையைப் போட்டு எஞ்சின் இருந்தான். பம்பைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தான். நடுவில் ஒருமுறை, சொல்ல வெட்கம், அதைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு வாலிபனிடம் தோற்றிருந்தால் வயது போய்விட்டது என்று சமாதானம் சொல்லலாம். பம்பிடம் தோற்றவன் என்ன சொல்வான்? அதற்குச் சம்பளம் இல்லை, சலரோகம் இல்லை, மனுசி இல்லை. அரை லீற்றர் மண்ணெண்ணெய் போதும்.

ஞாயிற்றுக்கிழமை போவதில்லை என்று முடிவெடுத்தேன். பின்னேரப் பூசை முடிய, முடிவெடுத்த அதே கால்கள் ஐஸ் ஃபக்ரறி வளவில் போய் நின்றன. ஐஸ் வாங்க வந்ததாகக் காட்ட ஒரு வாளியும் கையில். சனம் நிரம்பி வழிந்தது. மேடையில் எஞ்சின் கிற்றாரோடு இருந்தான். பக்கத்தில் பம்ப் இல்லை. ரெஜிஃபோம் பெட்டிகள் இருந்தன, எண்ணெய்த் தகரம் இருந்தது, ஒரு வெறும் கதிரை இருந்தது.

அவன் தொடங்கவில்லை. சனம் கைதட்டியது, விசிலடித்தது, பிறகு முணுமுணுத்தது. அவன் கம்பியைத் தடவிக்கொண்டு கூட்டத்தைத் துழாவினான். கடைசியில் மைக்கில் சொன்னான்:

"டேய், வாளியோடை நிக்கிறவன்! எவ்வளவு நேரமடா சனம் பாத்துக்கொண்டிருக்கிறது? ஏறு."

எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!" என்று கத்தினேன். குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினேன் என்று மனுசி இன்றைக்கும் சொல்கிறாள்.

எஞ்சின் உண்மையாகவே குழம்பிப்போனான்.

"உனக்கு ஏன்ரா சொல்லவேணும்? கலியாணத்துக்கு மாப்பிளைக்குப் போய்ச் சொல்லுறவங்களோ?"

வளவு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கமுதல் நான் அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

"அப்ப அந்தப் பம்ப்?"

"எந்தப் பம்ப்?" என்றான். பிறகு விளங்கியது போல, "ஓ, அதோ? பாட்டுச் சரிவருதோ எண்டு பாக்க வைச்சிருந்தனான். பம்பின்ரை சொந்தக்காரன் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிட்டான். ஒத்திகைக்கு உன்னைக் கூப்பிட்டால் நீ வேலையை விட்டிட்டு ஓடிவருவாய். பிறகு உன்ரை மனுசி என்னையெல்லோ பேசும்?"

முன்வரிசையில் இருந்த மனுசி, "ஓம், பேசுவன்," என்றாள். அவளுக்கு ஆர் சொன்னது என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

ஏறினேன். தெரியாத பாட்டுகளுக்கு அவன் தோளைப் பார்த்து அடித்தேன். எப்படி அடித்தேன் என்று கேட்காதீர்கள். ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை. பெரியமடுவில் தண்ணி கொடுத்த குடும்பம் எழும்பி நின்று கைதட்டியது.

அடுத்த நாள் ஒரு பொடியன் அதில் ஒரு பாட்டை இணையத்தில் போட்டான். கீழே கனடாவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "இவ்வளவு காலம் காத்திருந்தது வீண்போகவில்லை. ஆனால் இரண்டாவது சரணத்தில் தாளக்காரர் பிந்துகிறார். ஆளை மாற்றினால் என்ன?" எனக்குச் சோறு திரும்பவும் இறங்கவில்லை.

பின்னேரம் பார்த்தால் அதற்குக் கீழே ஒரு பதில். ஊரில் எவனுக்கும் ஒரு விளக்கமும் சொல்லாத எஞ்சின் எழுதியது.

"அந்த இடத்திலைதான் நான் மூச்செடுக்கிறனான். பம்ப் அதுக்கு விடேல்லை."

இப்போது அந்தச் சரணம் வரும்போது, அவன் ஆறுதலாக மூச்செடுக்கட்டும் என்று, நான் இன்னும் ஒரு பொட்டுப் பிந்தியே அடிக்கிறேன்.